ரப்பர் டிங்கி போதுமாம்! யாருக்குப் போதும்?

கப்பல் மூழ்கினால் அதிலிருப்பவர்கள் எதில் ஏறித் தப்புவது? இந்தக் கேள்விக்குச் சில கனவான்கள் வெகு சுலபமான பதில் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். கரைக்குப் போய்வரவும் சாமான் ஏற்றவும் காற்றடைத்த ரப்பர் படகு ஒன்று, டிங்கி என்பார்கள், கப்பலிலே கிடக்கத்தானே செய்கிறது? ஆபத்து வந்தால் அதில் ஏறிக்கொள்ள வேண்டியதுதானே? உயிர்காப்பு மிதவை என்று தனியாக ஒன்று எதற்கு? வருஷா வருஷம் அதைப் பிரித்துச் சோதிக்கிற செலவு வேறு எதற்கு? இதுதான் அவர்கள் வாதம்.

கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் குரல் நமக்குப் புதிதல்ல. பஞ்சாலையிலே தீயணைக்கக் குழாய் வேண்டும் என்று கேட்டபோது, "நாலு வாளி மணல் தொங்குகிறதே, கண் தெரியவில்லையா?" என்று சொன்ன குரல் இது. வயலில் பூச்சிமருந்து அடிக்கிறவன் முகமூடி கேட்டால், "துண்டை எடுத்து மூக்கைக் கட்டிக்கொள்" என்று சொல்கிற குரல் இது. கடலுக்குப் போனதும் உப்புக் காற்றில் கொஞ்சம் கரகரத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கடல் சமாசாரம் நமக்கு எதற்கு என்று ஆலைத் தோழர்களும் வயல்வெளித் தோழர்களும் நினைக்க வேண்டாம். நம் பிள்ளைகள் கப்பலில் கூலிக்குப் போகிறார்கள். வளைகுடா நாடுகளில் அடுத்தவன் படகில் ஏறி மீன் பிடிக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே இந்த "போதும்" தொங்குகிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

இரண்டும் ஒன்றா?

ஆற்றிலே வெள்ளம் வந்தால் லாரி டியூபில் காற்றடித்து அக்கரை போகிறவர்கள் நாம். டிங்கி என்பதும் அடிப்படையில் அதுதான். கொஞ்சம் பெரிது, படகு வடிவில் ஒட்டியிருப்பார்கள், அடியிலே ஒரு தளம் இருக்கும். மேலே கூரை கிடையாது. எடை கிடையாது. அமைதியான துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரைக்குத் துடுப்புப் போட்டுப் போக அருமையான சாதனம். அதைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. ஒரு வேலைக்குச் செய்த பொருளை இன்னொரு வேலைக்குத் தள்ளிவிடுகிற தந்திரத்தைத்தான் குறை சொல்கிறோம்.

புயல் காற்றிலே கனமில்லாத டிங்கியைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? காற்று அதன் அடியில் புகுந்து தோசையைப் போலப் புரட்டிப் போடும். ஆள் ஏறுவதற்கு முன்பே அது பறந்து போகவும் கூடும். இது முதல் சங்கடம். இரண்டாவது, பயணத்தின்போது டிங்கியைப் பெரும்பாலும் காற்றை இறக்கி மடித்து எங்காவது திணித்து வைத்திருப்பார்கள். அதை எடுத்து, விரித்து, காலால் பம்பு அடித்து நிரப்ப எத்தனை நிமிஷம் பிடிக்கும்? ஓட்டை விழுந்த படகு அத்தனை நிமிஷம் காத்திருக்குமா? மூன்றாவது, ஏறிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். பகலில் வெயில், இரவில் குளிர், எப்போதும் மேலே வந்து விழுகிற அலை. பசியும் தாகமும் ஆளைக் கொல்ல நாள்கள் ஆகும். குளிர்ந்த கடலில் ஈரமும் காற்றும் சேர்ந்தால் சில மணி நேரமே போதும்.

இப்போது உயிர்காப்பு மிதவையைப் பாருங்கள். இதற்குச் சர்வதேச விதிகள் இருக்கின்றன. காற்றறை ஒன்று அல்ல, தனித்தனியாகக் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஒன்று கிழிந்தாலும் மற்றொன்று எல்லோரையும் தாங்க வேண்டும். தானாகவே எழுந்து நிற்கும் கூரை வேண்டும். குளிர் ஏறாத தளம் வேண்டும். அடியிலே பைகள் தொங்கும்; அவற்றில் கடல்நீர் நிரம்பி, மிதவையைக் காற்று புரட்டாதபடி கீழே இழுத்துப் பிடிக்கும். 18 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீரில் எறிந்தாலும் உடையக் கூடாது. 30 நாள் எந்தக் கடலிலும் தாக்குப்பிடிக்க வேண்டும். தலைகீழாகக் கவிழ்ந்தால் ஒரே ஆள் நிமிர்த்த முடிய வேண்டும். நெடுங்கடல் கப்பலின் மிதவையில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் குடிநீர், உணவு, வாணம், கைப்பந்தம், புகைக்குப்பி, கண்ணாடி, தூண்டில், தண்ணீர் இறைக்கும் குவளை, வாந்தி மாத்திரை எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டியிருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. மிதவை ஒரு பீப்பாய்க்குள் மடங்கிக் கிடக்கிறது. கப்பல் திடீரென்று மூழ்கி, அதை அவிழ்க்க ஒருவனுக்கும் அவகாசம் இல்லாமல் போனால்? நாலு மீட்டர் ஆழம் போவதற்குள் நீரின் அழுத்தமே பூட்டைக் கழற்றிவிடும். பீப்பாய் மேலே மிதந்து வரும். மூழ்கிக்கொண்டே போகும் கப்பல் அதில் கட்டிய கயிற்றை இழுக்கும். அந்த இழுப்பிலே கரியமில வாயுக் குப்பி திறந்து மிதவை தானே விரியும். பிறகு கயிற்றின் ஒரு பலவீனமான கண்ணி அறுந்து, கப்பல் மிதவையைத் தன்னோடு இழுத்துப் போகாமல் விட்டுவிடும். பம்பு அடிக்க ஆள் வேண்டாம், நிரம்புவதற்கு ஒரு நிமிஷம் போதும்.

இதெல்லாம் ஆடம்பரமா? கூரை இல்லாமல் விறைத்துச் செத்தவர்கள் இருந்ததால் கூரை வந்தது. காற்றில் புரண்டு செத்தவர்கள் இருந்ததால் தண்ணீர்ப் பை வந்தது. மிதவையோடு சேர்ந்து கடலடிக்குப் போனவர்கள் இருந்ததால் அந்தப் பலவீனக் கண்ணி வந்தது. இத்தனையையும் எடுத்துவிட்டு மீதி என்ன இருக்கிறதோ அதுதான் டிங்கி. அது "போதும்" என்கிறார்கள்!

அவர்கள் அழைக்கும் சாட்சிகள்

உடனே அவர்கள் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். "ரப்பர் படகில் அட்லாண்டிக் சமுத்திரத்தையே கடந்தவர் இருக்கிறார், தெரியுமா?" என்கிறார்கள். தெரியும். அவர் பெயர் அலேன் பொம்பார். பிரெஞ்சுக்காரர், டாக்டர். பூலோன் துறைமுகத்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கப்பல் உடைந்து செத்த நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவர்களின் சடலங்களைப் பார்த்தவர். கடலில் தவிக்கிறவன் பயத்தால்தான் சீக்கிரம் சாகிறான், கடலே அவனுக்குச் சாப்பாடு போடும் என்று நிரூபிக்கக் கிளம்பினார். நாலரை மீட்டர் ரப்பர் படகில் பாய் கட்டிக்கொண்டு 1952 அக்டோபர் 19ந் தேதி கானரித் தீவிலிருந்து புறப்பட்டார். 65 நாள் கழித்து டிசம்பர் 23ந் தேதி பார்படோஸ் தீவில் கரையேறினார். உடம்பில் 25 கிலோ குறைந்திருந்தது. நடுவில் ஒரு கப்பல் குறுக்கிட்டு ஒரு வேளைச் சோறு போட்டது.

பொம்பாரை நாம் மதிக்கிறோம். மீனவனின் சாவைப் பார்த்துவிட்டுத் தன் உடம்பையே சோதனைக்குக் கொடுத்த மனிதர் அவர். ஆனால் அவர் மூழ்குகிற கப்பலிலிருந்து நள்ளிரவில் குதித்தவர் அல்ல. நாள் பார்த்து, காற்று பார்த்து, வாணிபக் காற்று மேற்கே வீசும் வெப்பக் கடலில் தாமாகப் புறப்பட்டவர். மாதக் கணக்கில் தயார் செய்தவர். படகு அவருக்குக் கீழே நன்றாக நிரம்பி நின்ற பிறகுதான் கரையை விட்டார். இதற்கும் விபத்துக்கும் என்ன ஒப்பீடு?

அதே பொம்பார் 1958 அக்டோபரில் பிரான்சின் எத்தேல் ஆற்று முகத்துவாரத்தில் காற்றடைத்த மிதவை ஒன்றைச் சோதித்தார். அங்கே மணல்திட்டில் அலை உடையும். மிதவை கவிழ்ந்தது. காப்பாற்றப் போன மீட்புப் படகும் கவிழ்ந்தது. 9 பேர் செத்தார்கள்; மீட்க வந்தவர்களும் அதில் அடக்கம். 1952ஐப் பற்றிப் பேசுகிறவர்கள் 1958ஐப் பற்றிப் பேசுகிறார்களா? வாயே திறப்பதில்லை.

இரண்டாவது சாட்சி, ராபர்ட்சன் குடும்பம். 1972 ஜூன் 15ந் தேதி பசிபிக் சமுத்திரத்தில், கலாபகோஸ் தீவுகளுக்கு மேற்கே, டூகல் ராபர்ட்சனின் பாய்க்கப்பலைக் கொலைத் திமிங்கிலங்கள் மோதி உடைத்தன. நிமிஷக் கணக்கில் கப்பல் போய்விட்டது. அதில் 6 பேர். அவர்களில் இருவர் சிறு பையன்கள். கையில் கிடைத்தவை ஒரு காற்றடைத்த மிதவையும் ஒரு சின்ன டிங்கியும். 38 நாள் கழித்து ஆறு பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். "பார்த்தீர்களா, டிங்கி காப்பாற்றியது!" என்கிறார்கள்.

ஐயா, எந்த டிங்கி? அது ரப்பர் அல்ல. கண்ணாடி இழையால் செய்த கெட்டிப் படகு. காற்றடைத்த மிதவையோ இரண்டு வாரம் கடந்ததும் ஓட்டை மேல் ஓட்டையாகி உதவாமல் போயிற்று. அதுவரை இரவும் பகலும் காற்று ஊதுவதும் தண்ணீர் இறைப்பதுமாகச் சாகாத சாவு. பிறகுதான் ஆறு பேரும் மூன்று மீட்டர் நீளம்கூட வராத அந்தக் கெட்டிப் படகில் நெருக்கியடித்து ஏறினார்கள். ஒருவர் அசைந்தால் படகு கவிழும். ஆமையைப் பிடித்து அறுத்து, மழைத் தண்ணீரைத் தேக்கி உயிர் பிழைத்தார்கள். ஆக, இவர்களுடைய சாட்சியே இவர்களுக்கு எதிராகப் பேசுகிறது.

மூன்றாவது, பெய்லி தம்பதி. 1973 மார்ச் 4ந் தேதி இவர்கள் படகையும் ஒரு திமிங்கிலம் மோதியது. இவர்களிடம் மெய்யாகவே ரப்பர் டிங்கி இருந்தது. ஆனால் டிங்கி மட்டுமா இருந்தது? கூரை போட்ட உயிர்காப்பு மிதவையும் இருந்தது. இரண்டையும் ஒன்றோடொன்று கட்டினார்கள். மிதவையில் படுத்தார்கள், டிங்கியில் சாமானைப் போட்டார்கள். சட்டை ஊசியை வளைத்துத் தூண்டில் முள் செய்தார்கள். காற்று இறங்க இறங்கப் பம்பு அடித்தார்கள். ஏழு கப்பல்கள் கண்ணெதிரே போயின. ஒன்றும் இவர்களைப் பார்க்கவில்லை. எட்டாவது கப்பல் பார்த்தது. அதற்குள் 117 நாள் ஆகிவிட்டது.

ஒரு விஷயத்தை வாசகத் தோழர்கள் கவனித்தீர்களா? ராபர்ட்சன் குடும்பத்தைத் தூக்கியது ஜப்பான் மீன்பிடிக் கப்பல். பெய்லி தம்பதியைத் தூக்கியது கொரியா மீன்பிடிக் கப்பல். வலை இழுக்கிறவன் கண்தான் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. போகட்டும், விஷயத்துக்கு வருவோம்.

நம்மிடமும் ஒரு சாட்சி உண்டு. பூன் லிம் என்ற சீனத் தொழிலாளி. பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் ஒன்றில் பரிமாறும் வேலை செய்தவர். 1942 நவம்பர் 23ந் தேதி ஜெர்மன் நீர்மூழ்கியின் குண்டு கப்பலைப் பிளந்தது. கப்பலில் இருந்த 54 பேரில் 53 பேர் செத்தார்கள். பூன் லிம் மட்டும் மரத்தாலான உயிர்காப்புத் தெப்பம் ஒன்றில் ஏறி 133 நாள் மிதந்தார். பிரேசில் கரை அருகே மீனவர்கள் கண்டெடுத்தார்கள். அவர் சாமர்த்தியசாலி, ஆணியை வளைத்து மீன் பிடித்தார், வாஸ்தவம். ஆனால் ஏறியபோதே அந்தத் தெப்பத்தில் குடிநீரும் பிஸ்கட்டும் இருந்தன; வெயிலுக்கு மறைக்கக் கித்தான் இருந்தது. ஆபத்துக்கென்றே செய்து, ஆபத்துக்கென்றே நிரப்பி வைத்த தெப்பம் அது. அந்த முதல் வாரங்களைத் தாண்டியிருக்காவிட்டால் சாமர்த்தியத்தைக் காட்ட ஆள் இருந்திருக்க மாட்டார்.

டிங்கியில் ஏறிப் பிழைத்தவன் புத்தகம் எழுதுகிறான். டிங்கி புரண்டு செத்தவன் புத்தகம் எழுதுவதில்லை. பிழைத்த நாலு பேரைக் காட்டி "போதும்" என்பவர்கள், பேச முடியாத சாட்சிகளை எந்தக் கணக்கில் வைக்கிறார்கள்?

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உயிர்காப்பு மிதவையும் தெய்வமல்ல. 1979 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் பந்தயத்தில் புயல் அடித்தபோது 15 போட்டியாளர்கள் செத்தார்கள். 24 படகுகளை ஆட்கள் விட்டுவிட்டுப் போனார்கள். அவற்றில் மூழ்கியவை 5தான். மற்றவை பிறகு மிதந்தபடி கிடைத்தன. மிதவையில் ஏறியவர்களில் சிலர், அது கவிழ்ந்தோ கிழிந்தோ செத்தார்கள். அதற்குப் பிறகுதான் மிதவையின் அடியில் தொங்கும் தண்ணீர்ப் பைகளைப் பற்றித் தீவிரமாக ஆராய்ந்தார்கள். ஆபத்துக்கென்றே செய்த மிதவைக்கே இந்தக் கதி என்றால், மேலும் பலமாகச் செய் என்றுதானே அர்த்தம்? டிங்கி போதும் என்றா அர்த்தம்?

டிங்கிக்கே கூரையும் வாயுக் குப்பியும் பொருத்தி இரண்டு வேலைக்கும் விற்றவர்களும் உண்டு. இங்கிலாந்தில் "டிங்கர்" என்று ஒரு ரகம் அப்படி வந்தது. துடுப்பும் பாயும் இருந்தால் மிதவையைப் போல் காற்று போன போக்கில் போகாமல் ஒரு திசை பார்த்துப் போகலாம் என்ற வாதத்தில் சத்து இருக்கிறது. ராபர்ட்சனே அதை வற்புறுத்தினார். ஆனால் அது டிங்கிக்குச் செலவு செய்து மிதவையாக்குவது. நாம் எதிர்ப்பதோ செலவே செய்யாமல் டிங்கிக்கு மிதவை என்று பெயர் வைப்பதை.

டிங்கியே கப்பலான கதை

இதுவரை சொன்னதெல்லாம் கப்பல் உள்ளவன் கதை. கப்பல் போனால் டிங்கி. முதலிலேயே டிங்கிதான் என்றால்?

துருக்கிக் கரைக்கும் கிரேக்கத்தின் லெஸ்வோஸ் தீவுக்கும் நடுவே, குறுகலான இடத்தில், பத்து கிலோமீட்டர் அளவே கடல். பாஸ்போர்ட்டும் விசாவும் உள்ளவன் சொற்பக் காசுக்குச் சீட்டு வாங்கி இரும்புக் கப்பலில் போகிறான். அதில் ஆளுக்கொரு மிதவைச் சட்டை, சட்டப்படி உயிர்காப்பு மிதவை, எல்லாம் உண்டு. 2015ல் சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் யுத்தத்துக்கு ஓடிவந்த லட்சக்கணக்கானவர்களோ அந்தச் சீட்டின் விலையைப்போல் பல மடங்கு பணத்தை ஆள் கடத்துகிறவனிடம் கொட்டிக்கொடுத்து, நாற்பது ஐம்பது பேராக ரப்பர் டிங்கியில் ஏறினார்கள். ஏன் கப்பலில் போகவில்லை? ஐரோப்பிய ஒன்றியம் 2001ல் போட்ட உத்தரவின்படி, உரிய பத்திரம் இல்லாதவனை ஏற்றி வருகிற கம்பெனிக்கு ஆயிரக்கணக்கான யூரோ அபராதம். கம்பெனி ஏற்றுமா? கப்பலின் கதவைச் சட்டம் அடைத்தது. டிங்கியின் பக்கம் சட்டமே தள்ளியது.

அவர்கள் மாட்டிக்கொண்ட மிதவைச் சட்டைகளிலும் மோசடி. 2016 ஜனவரியில் துருக்கியின் இஸ்மீர் நகரில் ஒரு பட்டறையில் போலீஸ் புகுந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட போலி மிதவைச் சட்டைகளைக் கைப்பற்றியது. உள்ளே மிதக்கும் பொருள் இல்லை. சாமான் கட்டுகிற பஞ்சு. தண்ணீரை உறிஞ்சி ஆளைக் கீழே இழுக்கும்.

லிபியாக் கடற்கரையில் நிலைமை இன்னும் கோரம். பத்து மீட்டர் ரப்பர் படகில் நூறு பேருக்கு மேல். அடித்தளத்துக்குப் பலகை, அது முறிந்தால் படகு புத்தகம் மூடுவது போல நடுவில் மடங்கும். டின்னிலிருந்து சிந்திய பெட்ரோல் கடல்நீரோடு கலந்து நடுவிலே தேங்கும். நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? பத்திரமான இடம் என்று ஆண்கள் உட்கார வைத்த பெண்களும் குழந்தைகளும். அந்தக் கலவை மணிக்கணக்கில் தோலை அரித்துப் புண்ணாக்கும். மீட்புக் கப்பல்களின் டாக்டர்கள் இந்தப் புண்களைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள்.

ஐரோப்பிய அரசுகள் இதற்கு என்ன செய்தன? 2015லிருந்து தங்கள் கடற்படையை அனுப்பி, கடத்தல்காரர்களின் மரப்படகுகளைப் பிடித்து அழித்தன. கடத்தல்காரன் தொழிலை விட்டானா? மரத்தை விட்டான், அதைவிட மலிவான ரப்பருக்கு மாறினான். பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் கமிட்டியே 2017ல் இதை எழுதி வைத்திருக்கிறது. அதே 2017 ஜூலையில் அடுத்த உத்தரவு: லிபியாவுக்கு ரப்பர் படகும் வெளிப்பொருத்து எஞ்சினும் ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு! கப்பல் கூடாது. மரப்படகு கூடாது. டிங்கியும் கூடாது. சாகிறவன் எதில் ஏறிச் சாக வேண்டும் என்பதுதான் இந்தத் துரைமார்களுக்கு விசாரம்.

2021 நவம்பர் 24ந் தேதி அதிகாலை இருட்டில் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே ஒரு டிங்கியில் காற்று போயிற்று. உலகத்தில் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று அது. உள்ளே இருந்தவர்கள் டெலிபோனில் கதறினார்கள். இது இங்கிலீஷ் கடல் என்று ஒரு கரை சொன்னது. பிரெஞ்சுக் கடல் என்று மறு கரை சொன்னது. அன்று பகலில் தண்ணீரில் உடல்களைப் பார்த்துச் செய்தி சொன்னது மறுபடியும் ஒரு மீன்பிடிப் படகுதான். எடுத்த சடலங்கள் 27. பிழைத்தவர் இருவர்.

சட்டம் யாரை எண்ணுகிறது?

"எல்லோருக்கும் மிதவை வேண்டும் என்று சர்வதேசச் சட்டம் இருக்கிறதே" என்று கேட்கலாம். இருக்கிறது. எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது அதில் சுமார் 2,200 பேர். உயிர்காப்புப் படகுகளில் இடமோ 1,178 பேருக்குத்தான். இது சட்ட மீறல் அல்ல, தோழர்களே! பிரிட்டிஷ் விதிப்படி பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்குப் பதினாறு படகு இருந்தால் போதும். டைட்டானிக்கோ 46,000 டன், இருபது படகு வைத்திருந்தது. அப்போதும் "போதும்"தான். முதல் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பிலும் கப்பல் தொழிலாளர்களிலும் நாலில் ஒரு பங்குதான் பிழைத்தது. 1914ல் லண்டனில் கூடி, கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் இடம் வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். அதன் வாரிசுதான் இன்று அமலில் உள்ள 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தின் விதிவிலக்குப் பட்டியலைப் படித்தவர்கள் எத்தனை பேர்? 500 டன்னுக்குக் குறைந்த சரக்குக் கப்பலுக்குப் பொருந்தாது. பழைய முறையில் கட்டிய மரக்கலங்களுக்குப் பொருந்தாது. மீன்பிடிப் படகுகளுக்குப் பொருந்தாது. வாணிபத்தில் ஈடுபடாத உல்லாசப் படகுகளுக்கும் பொருந்தாதுதான். ஆனால் உல்லாசப் படகுக்காரன் காசு கொடுத்துத் தானே மிதவை வாங்கிக்கொள்வான். பாக்கி யார்? உலகத்தின் மீனவனும், சின்ன சரக்குத் தோணியின் கூலியும்.

மீனவர்களுக்குத் தனி ஒப்பந்தம் போடுகிறோம் என்று 1977ல் ஸ்பெயினின் டொரெமொலினோஸ் நகரில் கூடினார்கள். அது அமலுக்கே வரவில்லை. 1993ல் அதைத் திருத்தினார்கள். அதுவும் வரவில்லை. 2012ல் கேப்டவுனில் மூன்றாம் தடவை உட்கார்ந்தார்கள். அதிலும் 24 மீட்டர், அதற்கு மேல் நீளமுள்ள படகுகளுக்கே பேச்சு. நம் கரைகளில் கடலுக்குப் போகிற கட்டுமரமும் வள்ளமும் ஃபைபர் படகும் 24 மீட்டரா?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் குமரிக்கரை மீனவர்களையும் கேரளத்து மீனவர்களையும் நடுக்கடலில் பிடித்தது. புயல் என்ற எச்சரிக்கை வந்தபோது அவர்கள் முன்பே கடலுக்குள் போயிருந்தார்கள். பிழைத்து வந்தவர்களில் பலர் என்ன சொன்னார்கள்? கவிழ்ந்த படகின் அடிப்புறத்தைக் கட்டிப்பிடித்து மிதந்தோம், கூட இருந்தவன் கை நழுவிப் போனான் என்று சொன்னார்கள். தானே விரிகிற மிதவை ஒன்று அந்தப் படகுகளில் இருந்திருந்தால் எத்தனை பேர் திரும்பியிருப்பார்கள் என்று கணக்குப் போட வேண்டிய பொறுப்பு சர்க்காருக்கு இல்லையா? சிறு படகில் பெரிய மிதவைக்கு இடமில்லை என்பார்கள். அரிக்கன் விளக்குக் காலத்துப் பேச்சு இது. ஒருவன் தோளில் தூக்கிப் போகக்கூடிய பைக்குள் அடங்கும் நாலு ஆள் மிதவைகள் உலகத்துச் சந்தையிலே விற்கின்றன. இடம் இருக்கிறது. அதற்குக் காசு கொடுப்பவன் யார் என்பதில்தான் தகராறு. மீனவன் தலையிலேயே அதைக் கட்டிவிடப் பார்ப்பார்கள். நாம் சொல்கிறோம்: டீசலுக்கு மானியம் உண்டென்றால் உயிருக்கும் மானியம் வேண்டும், வருஷாந்தரச் சோதனையைத் துறைமுகத்திலேயே சர்க்கார் செலவில் செய்ய வேண்டும்.

கப்பலுக்குப் போகிற தம்பிகளுக்கு

மாலுமியாகவோ கூலியாகவோ கப்பலில் ஏறுகிற தம்பிகள் முதல் நாளே மேல்தளத்துக்குப் போய் அந்த வெள்ளைப் பீப்பாயைப் பார்க்க வேண்டும். அதன் மேல் கடைசியாகச் சோதித்த தேதி ஒட்டியிருக்கும். 12 மாதத்துக்கு ஒரு முறை சோதித்திருக்க வேண்டும். நீரழுத்தத்தில் கழலும் பூட்டிலும் காலாவதித் தேதி உண்டு. பல ரகங்களை இரண்டு வருஷத்தில் மாற்ற வேண்டும். கயிற்றின் நுனி அந்தப் பலவீனக் கண்ணியின் வழியாகக் கட்டியிருக்கிறதா, அல்லது எவனோ அவசரத்தில் நேராகக் கப்பல் கம்பியில் முடிச்சுப் போட்டிருக்கிறானா என்று பாருங்கள். நேராகக் கட்டியிருந்தால் மிதவை கப்பலோடு சேர்ந்து கீழே போகும். பீப்பாய்க்கு மேலே பெயிண்டு டப்பாவும் வடக்கயிறும் குவிந்திருந்தால் அகற்றச் சொல்லுங்கள். மிதவை எத்தனை ஆளுக்கு என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். கப்பலில் எத்தனை தலை என்று எண்ணுங்கள்.

குறை இருந்தால் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015ல் ஏற்றிருக்கிறது. கப்பலிலேயே புகார் சொல்ல வழி இருக்க வேண்டும், சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. மீன்பிடிப் படகில் போகிறவர்களுக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது. அவர்கள் ஒருவராகப் போய்க் கேட்காமல் படகுத்துறை முழுவதும் சேர்ந்து கேட்க வேண்டும். முதலாளி அப்போது மூலையில் மடித்துக் கிடக்கும் ரப்பர் டிங்கியைக் காட்டுவார். அதை அங்கேயே, கரையிலேயே, அவர் முன்னாலேயே விரித்துக் காற்றடிக்கச் சொல்லுங்கள். எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.